யோபுவின் முறையீடு: இடுக்கண் காலத்தில் தமிழ்க் கிறிஸ்தவ விசுவாசம்

இடுக்கண் வந்த நாளில் கிறிஸ்தவ விசுவாசம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்ற கேள்விக்குத் தமிழ் மண்ணில் கிடைக்கும் தெளிவான விடைகளுள் ஒன்று, திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் ஒருவரின் வாழ்க்கை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா ஆட்சியில் பத்மநாபபுரத்தில் பணியாற்றியவர். 1740களின் தொடக்கத்தில் அவர் வீட்டில் நட்டத்தின் மேல் நட்டம் வந்தது. மாடுகள் மாண்டன, பயிர் பொய்த்தது, மனிதர் ஒடிந்துபோனார். அவரோடு பழகிய யுஸ்டாக்கியுஸ் டி லனாய் என்ற ஐரோப்பியர் அந்த முகவாட்டத்தைக் கண்டு காரணம் விசாரித்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பிறகு அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார்.

டி லனாயும் நிலைகுலைந்து எழுந்த மனிதர்தான். டச்சுக்காரர்களின் படையில் வந்து, 1741இல் குளச்சல் போரில் தோற்றுத் திருவிதாங்கூரின் கைதியானவர். பின்னர் அதே மன்னரின் படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்புக்கு உயர்ந்தார். 1777இல் இறக்கும்வரை தாய்நாடு திரும்பவில்லை. அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. ஊரையும் கொடியையும் இழந்த ஒருவர், ஆடுமாடுகளை இழந்த ஒருவருக்கு, எல்லாவற்றையும் இழந்த மூன்றாமவர் ஒருவரின் கதையைச் சொன்னார் என்பதில்தான் அந்த உரையாடலின் வலிமை இருக்கிறது. வசதியாக இருப்பவர் வாயிலிருந்து வந்திருந்தால் அந்தக் கதை நீலகண்டரின் நெஞ்சில் தைத்திருக்குமா என்பது ஐயமே.

விவிலியத்தின் யோபு நூல் 42 அதிகாரங்கள் கொண்டது. பிள்ளைகள், மந்தைகள், உடல்நலம் என யோபு ஒவ்வொன்றாக இழப்பது முதல் இரண்டு அதிகாரங்களிலேயே முடிந்துவிடுகிறது. மீதி முழுவதும் பேச்சு. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற நண்பர்கள் மூவர் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். துக்க வீட்டுக்கு வந்தவர் வாசலில் பேசாமல் அமர்ந்துவிட்டுப் போகும் தமிழ் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. அந்த ஏழு நாள் மட்டும் அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்ததும் கெட்டுப்போகிறது. நீ பாவம் செய்திருப்பாய், இல்லாவிட்டால் இது வராது என்று மாறிமாறி விளக்குகிறார்கள். யோபு அந்த விளக்கத்தை ஏற்க மறுத்துக் கடவுளையே வழக்குக்கு அழைக்கிறார். தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். இறுதியில் கடவுள் சூறைக்காற்றிலிருந்து பேசுகிறார். ஆனால் யோபுவுக்கு ஏன் இப்படி நேர்ந்தது என்பதற்குக் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் பாய்வது விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல். எதிர்த்து முறையிட்ட யோபுவே சரியாகப் பேசினார் என்பது தீர்ப்பு.

பக்தி என்றால் வாய்மூடித் தாங்குவது என்ற எண்ணம் சபைகளில் பரவலாக இருப்பதால், இந்தத் தீர்ப்பை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கீதப் புத்தகத்தின் 150 பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகையைச் சேர்ந்தது. அவற்றில் பெரும்பாலானவை அழுகையில் தொடங்கி நம்பிக்கையில் முடிபவை. 88ஆம் சங்கீதம் மட்டும் இருளிலேயே முடிந்துவிடுகிறது, கடைசி வரியிலும் வெளிச்சம் கிடையாது. அதைத் தொகுத்தவர்கள் நீக்கவில்லை, திருத்தவும் இல்லை. சிலுவையில் இயேசு எழுப்பிய கைவிடப்பட்டவனின் குரலும் 22ஆம் சங்கீதத்தின் தொடக்கமே. முறையிடுவது விசுவாசம் தளர்ந்ததன் அடையாளம் என்றால், சுவிசேஷங்கள் அந்தக் குரலைப் பதிந்து வைத்திருக்க வேண்டியதில்லை.

நீலகண்டர் 1745 மே மாதம், திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குரு புத்தாரி கையால் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்ற பெயர் அவருக்கு இடப்பட்டது. மனைவி பார்கவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். இழந்தது திரும்பக் கிடைத்த யோபுவின் முடிவு அவருக்கு வாய்க்கவில்லை. துன்பம் அதன் பிறகுதான் பெருகியது. 1749 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார். அவர் தண்டிக்கப்பட்ட காரணம் மதமாற்றமா அரசியல் குற்றச்சாட்டா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கத்தோலிக்க மரபு தரும் செய்திகள் இவை: எருக்கம்பூ மாலை சூட்டி எருமைமேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள், அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள், பெருவிளையில் வேப்பமரத்தில் மாதக்கணக்கில் கட்டிவைத்தார்கள். மூன்றாண்டு இப்படிக் கழிந்தபின் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எலும்புகளை எடுத்துக் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

மூன்றாண்டுச் சிறையில் நடந்த இன்னொன்று, சித்திரவதைக் குறிப்புகளைவிடக் கவனிக்க வேண்டியது. கட்டுண்டிருந்தவரைப் பார்க்க மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள் என்கிறது மரபு. அவர்கள் தங்கள் நோவையும் கவலையையும் அவரிடம் சொன்னார்கள், அவர் கேட்டார். டி லனாய் அவருக்குச் செய்ததை அவர் பிறருக்குச் செய்தார். ஞானப்பூவின் இடுக்கண் கணவர் இறந்த பின்னும் முடியவில்லை. பிறந்தகத்துக்குத் திரும்பாமல் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து அங்கேயே இறந்தார். இரத்த சாட்சிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கி வெடித்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பின் ஆண்டுக்கணக்கில் அடுப்பு மூட்டி, ஜெபித்து, தனியே காலம் தள்ளிய பெண்ணின் விசுவாசமும் அதே எடை உடையது. தேவசகாயம் 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். துறவியோ குருவோ அல்லாத இல்லறத்தார் ஒருவர் இந்தியாவிலிருந்து புனிதரானது அதுவே முதல்முறை.

ஒருவருக்கு வரும் துன்பம் ஒரு வகை. ஒரு சபை முழுவதற்கும் வருவது வேறு வகை. அதற்கான தமிழ்ச் சான்று கடல் கடந்து இலங்கையில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றியதும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், கோயில்கள் பறிபோயின, குருவை மறைத்து வைப்போருக்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து இறங்கியபோது, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகப் பூசையும் பாவசங்கீர்த்தனமும் இல்லாத சமூகத்தைக் கண்டார். அவர் கழுத்தில் தெரிந்த செபமாலையைப் பார்த்த பிறகே வீடுகள் அவருக்குக் கதவு திறந்தன. குரு இல்லாத அந்தக் காலத்தில் விசுவாசத்தைக் காத்தவர்கள் வீட்டுப் பெரியவர்களும் தாய்மார்களும். அவர்களிடம் இருந்தவை மனப்பாடமான ஜெபங்களும் பாட்டுகளும் மட்டுமே. யாழ்ப்பாணத்துச் சில்லாலை அவருக்குப் பாதுகாப்பான ஊரானது. ஊருக்கு ஊர் மூப்பர், அண்ணாவி என்று பொறுப்பாளர்களை வைத்து, குரு வர முடியாத மாதங்களிலும் ஜெபம் நடக்கும்படி அவர் அமைத்த ஏற்பாடு, இருந்ததையே ஒழுங்குபடுத்தியதாகும்.

அவருக்குப் பின் 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் 1742இல் இறக்கும்வரை தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ கிறிஸ்துவின் பாடுகளைக் குறித்தது. தவக்காலத்தில் இராகம் போட்டு ஓதப்படுவது. ஒப்பாரியின் நீண்ட இழுவை அதில் கேட்கும். ஊர்கூடி உட்கார்ந்து, ஒருவர் ஓத மற்றவர்கள் கண்ணீரோடு கேட்கும் அந்த முறையில் அழுவதற்கு ஆண்டுதோறும் ஓர் இடமும் காலமும் கிடைத்தன. தன் மகனுக்காக அழுகிறவள் மாதாவுக்காக அழுகிறாள். மாதாவுக்காக அழும்போது தன் மகனுக்காகவும் அழுகிறாள். ஒளிந்து வழிபட்ட சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான நூலை யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

மன்னார்ப் பகுதியின் மடுக் காட்டில் இருக்கும் மாதா திருத்தலத்தின் வரலாறும் இதே டச்சுக் காலத்தில் தொடங்குகிறது. மாந்தைக் கத்தோலிக்கர்கள் மாதா சொரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் தஞ்சம் புகுந்தார்கள் என்பது திருத்தலத்தின் மரபு. ஈழப் போரின்போது அதே ஆலய வளாகம் இடம்பெயர்ந்த பல்லாயிரம் பேருக்கு அடைக்கலமானது. 1999 நவம்பரில் அங்கேயே ஷெல் விழுந்து, தஞ்சம் புகுந்தவர்கள் பலர் இறந்தார்கள். 2008இல் போர் நெருங்கியபோது சொரூபத்தையே மீண்டும் இடம் மாற்ற வேண்டியதாயிற்று. அடைக்கலத் தலமும் அடிபடும் என்பதை அந்தச் சமூகம் நேரில் கண்டது. கண்ட பிறகும் மடுவுக்கு யாத்திரை போவதை நிறுத்தவில்லை.

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தின் ஓரமாகப் பறக்கும் ரயில் பாதையோடு ஒட்டிச் செல்லும் பக்கிங்ஹாம் கால்வாய், இன்னொரு இடுக்கண் காலத்தின் சின்னம். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் பகுதி 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைத் தாங்குகிறது. மண் சுமந்தவர்கள் பசியில் ஊரைவிட்டு வந்தவர்கள். தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் நினைவுகூரப்படும் அந்தப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது.

அந்தப் பஞ்சத்தின் கிறிஸ்தவக் குரல் மாயூரத்திலிருந்து எழுந்தது. குளத்தூரில் 1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதிய, தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. பஞ்சத்தின்போது தம் சொத்தைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவர் கொடையை வியந்து கீர்த்தனை பாடியது இசை உலகம் அறிந்த செய்தி. வேதநாயகர் பஞ்சத்தைப் பற்றித் தாமும் கீர்த்தனைகள் எழுதினார். அவற்றில் கடவுளை நேரே நிறுத்தி, இன்னும் இரங்காமல் இருப்பது ஏன் என்று கேட்கிறார். கத்தோலிக்கரான அவர், எந்தச் சமயத்தவரும் பாடத்தக்கவாறு கடவுளைப் பொதுப்பெயர்களால் அழைத்தே இந்தக் கேள்வியைக் கேட்டார். பசி சமயம் பார்த்து வரவில்லை. பசியில் எழும் முறையீட்டுக்கும் வேலி தேவையில்லை என்று அவர் கருதியிருக்க வேண்டும். பஞ்சம் கடவுளின் தண்டனை என்று விளக்கும் வழி அவருக்கும் திறந்தே இருந்தது. அவர் அதில் போகவில்லை. கேள்வியைக் கடவுளிடமும் கஞ்சியை மக்களிடமும் கொண்டுசென்றார்.

அதே பஞ்சத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள் என்று அவர்களை இகழ்வது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. சாகக் கிடந்தவருக்குச் சோறு கொடுத்தவரை நம்புவதில் இழிவு எதுவும் இல்லை. பஞ்சம் தீர்ந்த பிறகும் தலைமுறை தலைமுறையாகச் சபையில் தொடர்ந்த குடும்பங்கள் உண்டு என்பதே அந்த ஏச்சுக்குப் போதிய மறுமொழி.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆழிப்பேரலை வந்த நாள். யோபுவின் நண்பர்கள் செய்த தவறு எவ்வளவு எளிதில் நேரக்கூடியது என்பதை அந்த நாள் காட்டியது. சாந்தோம் பேராலயத்தின் பின்புறம் கடலை நோக்கி ஒரு மரக்கம்பம் நிற்கிறது. அப்போஸ்தலர் தோமா நட்டது என்றும், அதைத் தாண்டிக் கடல் வராது என்றும் நம்பிக்கை உண்டு. ஆழிப்பேரலை ஆலயத்துக்குள் புகவில்லை என்றதும் அந்தக் கம்பத்தின் புகழ் பரவியது. வேளாங்கண்ணியிலும் ஆலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்பது அற்புதமாகப் பேசப்பட்டது. ஆனால் சாந்தோமுக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்குள் கடல் புகுந்தது. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள் பெருந்தொகையாக இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நேர்த்திக்கடன் செலுத்த வந்த இடத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் ஆலயம் தப்பியதைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

தப்பியவர் நன்றி சொல்வது நியாயம். அந்த நன்றியில் குறை காண ஒன்றுமில்லை. அதைப் பொது விதியாக்கும்போதுதான் அது இறந்தவர்மேல் விழும் குற்றச்சாட்டாகிறது. லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இயேசு இதே செய்தியைப் பேசுகிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்திருந்தார்கள். அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடப் பாவிகள் என்று எண்ணுகிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று தாமே மறுக்கிறார். சுனாமிக்குப் பிந்தைய பிரசங்கங்களில் அதிகம் எடுத்தாளப்பட்டிருக்க வேண்டிய பகுதி அதுதான். வேளாங்கண்ணியில் இறந்தவர்களுக்காக ஆண்டுதோறும் டிசம்பர் 26இல் நினைவு வழிபாடு நடக்கிறது. பிற சமயத்தவரும் வந்து சேர்கிறார்கள். அங்கே காரணம் யாரும் சொல்வதில்லை. மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், பூ வைக்கிறார்கள், அழுகிறார்கள். யோபுவின் நண்பர்களுடைய முதல் ஏழு நாட்களுக்கு அருகில் வரும் செயல் அது.

பஞ்சமும் போரும் கடலும் வந்து போகும் இடுக்கண்கள். முடியாமல் நீளும் இடுக்கண் ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னவை அரைகுறையாகிவிடும். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஆலயம், சாதிக்கு ஒரு பகுதியாக இரண்டு கைகளாகப் பிரிந்து பீடத்தில் சந்திக்கும்படி அமைக்கப்பட்டது. பிரித்து நின்ற சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. தனி இருக்கை, தனிக் கல்லறை, தேர் வராத தெரு என்று ஒதுக்கல் பல ஊர்களில் பல வடிவங்களில் தொடர்ந்தது. இந்தத் துன்பத்தைக் கொடுத்தது மன்னரோ கடலோ அல்ல, சபையே. அதற்கு மேல், 1950 ஆகஸ்ட் 10 அன்று பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினருக்கான உரிமைகளைத் தலித் கிறிஸ்தவர்களுக்கு இல்லாமல் செய்தது. சீக்கியர்களுக்கு 1956இலும் பௌத்தர்களுக்கு 1990இலும் அந்தத் தடை நீங்கியது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நீங்கவில்லை. இதை ஆராய 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. புனிதர் பட்டத்துக்கு முன்னர் தேவசகாயத்தின் பெயரிலிருந்து ‘பிள்ளை’ என்ற சாதிப் பெயரை வத்திக்கான் நீக்கியதற்கும் இந்தப் பின்னணி உண்டு.

இந்த நீண்ட காலத்தை விசுவாசத்தோடு எதிர்கொண்டவர்களுள் தியோபிலஸ் அப்பாவு முக்கியமானவர். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005இல் மறைந்த இவரைப் பறட்டை அண்ணன் என்றே அழைத்தார்கள். ஆலயங்களில் கர்நாடக இசைக் கீர்த்தனைக்கும் மேல்நாட்டு ஞானப்பாட்டுக்கும் இடம் இருந்தபோது, தலித் மக்களின் நாட்டுப்புற மெட்டுக்கும் பறைக்கும் இடம் இல்லாதிருந்தது. அவர் கிராமிய இசை வழிபாடு ஒன்றை முழுமையாக அமைத்தார். அதில் மக்கள் தங்கள் கூலிப் பிரச்சினையையும் குடிநீர்ப் பிரச்சினையையும் வீட்டுப் பேச்சிலேயே கடவுளிடம் வைக்கிறார்கள். நற்கருணையை அவர் ஒரே உலையில் சமைத்து எல்லாரும் பகிர்ந்துண்பதாக விளக்கினார். சேர்ந்து உண்ணாத சாதிக்கு எதிரான போதனையாகவும் அது அமைந்தது. அவர் பாட்டுகளில் அழுகையும் கோபமும் கேலியும் ஒன்றாக வரும். அறுவடைக் களத்தில் பாடியவர்கள் அதே குரலில் பீடத்தின் முன் பாடலாம் என்று அவர் கற்பித்தார். அவரிடம் பயின்ற குருமார் அந்த வழிபாட்டைத் தத்தம் சேகரங்களுக்குக் கொண்டுசென்றார்கள்.